சீரியலில் ரெண்டு பொண்ணுங்க காதலிச்சா என்ன ஆகும்? திரை சொன்ன கதையும் கோர்ட் கேட்ட கதையும்

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து பனியன் கம்பெனி வேன் ஹாஸ்டல் வாசலில் வந்து நிற்கும்போது மணி ஒன்பதை நெருங்கிவிடும். குளித்து, சாப்பிட்டு, செல்போனைக் கையில் எடுத்தால் விட்டுப்போன சீரியல் எபிசோட் காத்திருக்கும். மாமியார் - மருமகள் சண்டை, கட்டாயத் தாலி, கடத்தல், ஆள்மாறாட்டம், பழைய பகை என எல்லாம் வரும். ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் காதலிக்கும் கதை மட்டும் அநேகமாக வராது.

அப்படி ஒரு கதையே நம்ம பக்கம் இல்லையா? இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே இருக்கிறது. திரைக்குத்தான் அது சரியாக வந்து சேரவில்லை. வந்த இடங்களில் எப்படி வந்தது, தமிழ் சீரியல் ஏன் தயங்குகிறது, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? விரிவாகப் பார்க்கலாம்.

முதல்ல, எந்த வார்த்தை சரி?

பெண்ணை நேசிக்கும் பெண்ணை ஆங்கிலச் சொல்லால் 'லெஸ்பியன்' என்கிறோம். தமிழில் இந்தச் சமூகத்தினர் 'நங்கை' என்ற சொல்லையும் பயன்படுத்துகிறார்கள். பொதுவாக ஒரே பாலினத்தவர் மீது வரும் ஈர்ப்புக்கு 'தன்பாலீர்ப்பு' என்ற சொல் உண்டு.

பழைய செய்திகளில் வந்த 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல்லை இப்போது பலர் தவிர்க்கிறார்கள். காரணம் எளிது. 'சேர்க்கை' என்பது உடலுறவை மட்டும் சொல்கிறது. 'ஈர்ப்பு' என்பது மனதைச் சொல்கிறது. ஒரு கணவன் மனைவியைப் பற்றிப் பேசும்போது அவர்களின் படுக்கையறையை வைத்து மட்டும் நாம் பெயர் சூட்டுவதில்லையே!

இது வெறும் மரியாதைப் பிரச்னை இல்லை. ஊடகங்களும் அரசும் எந்தச் சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்பது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அதன் தொடர்ச்சியாக 2022-ல் தமிழ்நாடு அரசு, மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

திரையில் இதுவரை எப்படி காட்டினாங்க?

இந்தியத் திரையில் இந்தக் கதைகளைத் தேடினால் சில பாணிகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

1. கடைசியில் சாவு: 1986-ல் பத்மராஜன் இயக்கிய மலையாளப் படம் 'தேசாடனக்கிளி கரயாறில்ல'. பள்ளியை விட்டு ஓடிப்போகும் நிம்மி, சாலி என்ற இரண்டு மாணவிகளின் நெருக்கத்தைப் பற்றிய கதை. காதல் என்று நேரடியாகச் சொல்லாத படம். முடிவில் இருவருமே இறந்துபோகிறார்கள். மென்மையாக எடுக்கப்பட்ட படம்தான். ஆனால் பார்ப்பவருக்கு மிஞ்சும் செய்தி, 'இவங்களுக்கு இந்த உலகத்துல இடம் இல்லை' என்பதே.

2. வில்லி, சைக்கோ: 2004-ல் வந்த இந்திப் படம் 'கேர்ள்ஃபிரெண்ட்'. தோழியைக் காதலிக்கும் பெண் இதில் வெறி பிடித்தவளாக, கொலை வரைக்கும் போகக்கூடியவளாக வருகிறாள். 'கலாசாரச் சீரழிவு' என்று சில அமைப்புகள் எதிர்த்தன. 'எங்களை இப்படியா காட்டுவீங்க?' என்று லெஸ்பியன் பெண்களின் அமைப்புகளும் எதிர்த்தன.

3. சிரிப்புக்கு ஒரு வார்த்தை: 2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பில் விக்னேஷ் சிவன் இயக்கிய பகுதியில் அஞ்சலியும் கல்கியும் நடித்திருந்தார்கள். ஆணவக் கொலை பற்றிய கதை. அதற்கு நடுவில் 'லெஸ்பியன்' என்ற சொல் காமெடிக்குப் பயன்பட்டது விமர்சிக்கப்பட்டது.

4. வீட்டில் சொல்லும் நாள்: பெற்றோரிடம் உண்மையைச் சொல்லும் அந்த ஒரு தருணத்தையே மையமாக வைப்பது. 2025 பிப்ரவரி 14 அன்று வெளியான தமிழ்ப் படம் 'காதல் என்பது பொதுவுடமை' இந்த வகை. லிஜோமோள் ஜோஸ் நடித்த சாம், தன் அம்மாவிடம் (ரோகிணி) தான் காதலிப்பது ஒரு பெண்ணை என்று சொல்கிறாள். முற்போக்காகப் பேசும் அம்மாவே தடுமாறிப் போகிறார். இயக்கியவர் ஜெயபிரகாஷ் ராதாகிருஷ்ணன். முதல் மூன்று பாணிகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். இதில் யாரும் வில்லி இல்லை, யாரையும் பார்த்துச் சிரிக்கவும் இல்லை.

ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். தீபா மேத்தாவின் 'ஃபயர்' 1996-ல் எடுக்கப்பட்டு, 1998 நவம்பரில் இந்தியாவில் வெளியானது. ஷபானா ஆஸ்மியும் நந்திதா தாஸும் டெல்லியில் ஒரு கூட்டுக்குடும்பத்தில் அண்ணன் மனைவி, தம்பி மனைவியாக வருகிறார்கள். அன்பில்லாத திருமண வாழ்க்கைக்கு நடுவில் அந்த ஓரகத்திகள் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். தியேட்டர்கள் தாக்கப்பட்டன. படம் மறுபடியும் சென்சாருக்குப் போனது. வெட்டு எதுவும் இல்லாமல் 1999-ல் மீண்டும் திரைக்கு வந்தது. கடைசிக் காட்சியில் இருவரும் உயிரோடு ஒன்று சேர்கிறார்கள்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கூட்டுக்குடும்பம், சமையலறை, படுக்கையில் கிடக்கும் மாமியார், ஓரகத்திகள். நம்ம மெகா சீரியலின் செட்டே இதுதான்!

வெளிநாட்டு டிவியில் என்ன நடந்தது?

அங்கேயும் பாதை சுலபமாக இல்லை. 1997 ஏப்ரல் 30 அன்று அமெரிக்காவின் ஏபிசி சேனலில், 'எல்லன்' தொடரின் நாயகி தான் ஒரு லெஸ்பியன் என்று சொன்னார். அந்த எபிசோடைச் சுமார் 4.2 கோடி பேர் பார்த்தார்கள். நாயகியாக நடித்த எல்லன் டிஜெனரஸும் அதே காலத்தில் தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டே தொடர் நிறுத்தப்பட்டது.

2004-ல் 'தி எல் வேர்ட்' வந்தது. லெஸ்பியன் பெண்களின் நட்பு, வேலை, பிரிவு, குழந்தை என ஒரு கூட்டத்தின் வாழ்க்கையையே காட்டிய தொடர் அது. அதில் வந்தவர்கள் பெரும்பாலும் வசதியான நகரத்துப் பெண்கள் என்ற குறையும் சொல்லப்பட்டது.

2016 மார்ச்சில் பெரிய சர்ச்சை வெடித்தது. 'தி 100' என்ற தொடரில் லெக்ஸா என்ற கதாபாத்திரம், தான் நேசித்த பெண்ணோடு சேர்ந்த அடுத்த நிமிடமே குண்டடிபட்டு இறக்கிறது. 2002-லேயே 'பஃபி' தொடரில் டாரா என்ற கதாபாத்திரத்துக்கும் இதே முடிவு கிடைத்திருந்தது. 'காதல் சேர்ந்தா உடனே சாவா? ஏன் எங்களை மட்டும் எப்பவும் கொல்றீங்க?' என்று ரசிகர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு அங்கே கதை எழுதுபவர்களே இதைப் பேச ஆரம்பித்தார்கள்.

ஆசியாவில் தாய்லாந்து வேறு வழியில் போனது. 2022 நவம்பரில் அங்கே டிவியில் வந்த 'கேப்' தொடர், ஆபீஸ் முதலாளியம்மாவுக்கும் அங்கே வேலைக்குச் சேரும் பெண்ணுக்கும் வரும் காதல் கதை. நம்ம ஊரில் முதலாளி - வேலைக்காரப் பெண் காதல் சீரியலாக ஓடுவதில்லையா, அதே பாணிதான். பெரிய ஹிட் ஆனது. அதன்பின் அங்கே இந்த வகைத் தொடர்கள் வரிசையாக வரத் தொடங்கின.

இந்திய ஓடிடியில் மாற்றம் வந்ததா?

வந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சட்டப்பிரிவு 377-ஐத் திருத்தி வாசித்தது. வயது வந்த இருவர் சம்மதத்தோடு நேசிப்பது குற்றமில்லை என்று ஆனது. அதற்குப் பிறகு ஓடிடி தளங்கள் துணிந்தன.

2019-ல் வந்த 'ஃபோர் மோர் ஷாட்ஸ் ப்ளீஸ்' தொடரில், லூதியானாவிலிருந்து மும்பைக்கு வந்து ஜிம் டிரெய்னராக வேலை பார்க்கும் உமங் என்ற பெண் முக்கியக் கதாபாத்திரம். 2021 மார்ச் 8 அன்று வந்த 'தி மேரீட் உமன்' தொடர், மஞ்சு கபூரின் நாவலை அடிப்படையாகக் கொண்டது. டெல்லியில் கணவன், குழந்தைகளோடு வாழும் ஆஸ்தா, பீப்லிகா என்ற ஓவியரைக் காதலிக்கும் கதை. ரிதி டோக்ராவும் மோனிகா டோக்ராவும் நடித்தார்கள்.

இதற்கும் முன்பே துணி விளம்பரம் ஒன்று வழி காட்டியிருக்கிறது. 2015-ல் மிந்த்ரா நிறுவனத்தின் 'அனூக்' ஆடைகளுக்காக எடுத்த விளம்பரத்தில், ஒரு பெண் தன் இணையரின் பெற்றோரைச் சந்திக்கத் தயாராகிறாள். இணையரும் பெண்தான். எந்தச் சட்டை போடலாம், அம்மாவுக்குப் பிடிக்குமா என்ற சாதாரணப் பேச்சு. அவ்வளவுதான். அது வைரல் ஆனதற்குக் காரணமே அந்தச் சாதாரணம்தான்.

ஆனால் எதிர்ப்பு வந்தால் பின்வாங்குவதும் நடக்கிறது. 2021 அக்டோபரில் இரண்டு பெண்கள் சேர்ந்து கர்வா சவுத் கொண்டாடுவதாகக் காட்டிய டாபர் விளம்பரம், மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சர் எச்சரித்த பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது.

தமிழ் மெகா சீரியல் ஏன் தயங்குது?

'சென்சார் விடாது' என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. சீரியலுக்கு சினிமா போல முன்கூட்டியே சென்சார் சான்றிதழ் வாங்கத் தேவையில்லை. 1995 கேபிள் டிவி சட்டத்தின் கீழ் உள்ள நிகழ்ச்சி விதிகளைப் பின்பற்ற வேண்டும். புகார் வந்தால் விசாரிக்க ஒளிபரப்பாளர்கள் அமைத்த புகார் கவுன்சில் 2011 முதல் இருக்கிறது. பெண்ணைப் பெண் நேசிக்கும் கதையைக் காட்டக்கூடாது என்று அந்த விதிகளில் ஒரு வரி கூட இல்லை. 'கண்ணியம், நல்ல ரசனை' போன்ற பொதுவான சொற்கள்தான் இருக்கின்றன. அதை யார் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதில்தான் பயம்.

நிஜக் காரணம் தொழில்முறை சார்ந்தது. சீரியல் தினமும் ஓட வேண்டும். ஒவ்வொரு வாரமும் டிஆர்பி வரும். நம்பர் இறங்கினால் கதையின் 'ட்ராக்' மாறும். விளம்பரதாரருக்குச் சர்ச்சை பிடிக்காது. வீட்டில் மூன்று தலைமுறை ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் நேரம் அது. அதனால் 'ரிஸ்க் எதுக்கு?' என்ற எண்ணம் எழுதும் மேஜையிலேயே வந்துவிடுகிறது.

ஆனால் தமிழ் டிவி துணியாத டிவி இல்லை. 2008-லேயே விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்' வந்தது. ரோஸ் என்ற திருநங்கை தொகுத்து வழங்கிய பேச்சு நிகழ்ச்சி. ஊரே பார்த்தது. பக்கத்து மலையாளத்தில், காதலுக்காக நீதிமன்றம் வரை போய் 2022 மே 31 அன்று கேரள உயர் நீதிமன்ற உத்தரவால் ஒன்று சேர்ந்த ஆதிலா, நூரா ஜோடி, 2025-ல் பிக் பாஸ் மலையாளம் வீட்டுக்குள் ஒன்றாகப் போனார்கள். வாரக்கணக்கில் குடும்பங்கள் அவர்களைப் பார்த்தன. அவர்கள் சமைத்தார்கள், சண்டை போட்டார்கள், அழுதார்கள். ரியாலிட்டி ஷோவை ஏற்றுக்கொள்ளும் வீடு, சீரியலை மட்டும் ஏற்காது என்று சொல்ல முடியாது.

கோர்ட் கேட்ட கதை என்ன?

2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டை விட்டு சென்னைக்கு வந்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் நேசித்தவர்கள். பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தார்கள். போலீஸ் விசாரணை வந்தது. பாதுகாப்புக் கேட்டு அவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் செய்த காரியம்தான் பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. இந்த விஷயத்தில் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார்.

அதன் முக்கிய அம்சங்கள்:

- 'காணவில்லை' புகாரில் தேடப்படுபவர்கள் வயது வந்த, விருப்பப்பட்டுச் சேர்ந்து வாழும் தன்பாலீர்ப்பாளர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு வழக்கை முடிக்க வேண்டும். துன்புறுத்தக் கூடாது.
- 'மாத்திடலாம்' என்று சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைகளுக்குத் தடை.
- போலீஸ், நீதித்துறை, பள்ளி, பெற்றோர் எனப் பல தரப்புக்கும் விழிப்புணர்வு.

2022-ல் தமிழ்நாடு அரசு, போலீசாரின் நடத்தை விதிகளில் இந்தச் சமூகத்தினரைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதியைச் சேர்த்தது. அதே ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம், மாற்றும் 'சிகிச்சை' தருவது மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

அடுத்தது 2025 மே 22. தன் இணையரை அவர் குடும்பம் அடைத்து வைத்திருக்கிறது என்று ஒரு பெண் ஆட்கொணர்வு மனு போட்டார். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு அந்தப் பெண்ணிடம் நேரடியாகப் பேசியது. 25 வயதுப் பெண். வீட்டில் தன்னை அடித்தார்கள், 'சரியாக்க' சடங்குகள் செய்தார்கள் என்று சொன்னார். இணையரோடு போகவே விரும்புவதாகத் தெளிவாகச் சொன்னார். நீதிமன்றம் அவரை விடுவித்தது. திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி இல்லை, விரும்பித் தேர்ந்தெடுக்கும் உறவும் குடும்பம்தான் என்றது.

தடைகளும் இருக்கின்றன. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்தது. ஆக, சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. ஆனால் கணவன் - மனைவிக்குக் கிடைக்கும் சட்ட உரிமைகள் இல்லை.

இந்த இரண்டு வழக்கிலும் இல்லாதது என்ன? வீடு, பாசம், பயம், போலீஸ் ஸ்டேஷன், கோர்ட், கடைசியில் ஒரு பெண்ணின் உறுதி. இதையெல்லாம் ஆயிரம் எபிசோட் எடுக்கத் தெரிந்த துறை நம்முடையது.

இது திருப்பூருக்கு ஏன் முக்கியம்?

பனியன் கம்பெனியில் கைமடி, செக்கிங், பிசிறு வெட்டுவது தொடங்கி ஓவர்லாக் மெஷின் வரை பெண்கள் இருக்கிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்தும் வருகிறார்கள். ஹாஸ்டலிலோ லைன் வீட்டிலோ இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து தங்குவது இங்கே ரொம்பச் சாதாரணம். வாடகையைப் பகிர்ந்து, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே வேனில் போய் வருவார்கள். யாரும் எதுவும் கேட்பதில்லை.

கேள்வி வருவது எப்போது? ஊரிலிருந்து 'மாப்பிள்ளை பார்த்தாச்சு, கிளம்பி வா' என்று போன் வரும்போதுதான்.

இந்தப் பகுதியில் ஸ்பின்னிங் மில் வேலைக்கும் கல்யாணத்துக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 'சுமங்கலி திட்டம்' என்ற பெயரில், திருமணமாகாத இளம்பெண்களை மூன்று ஆண்டு போல வேலைக்கு எடுத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்ன முறை அது. பெண்ணின் உழைப்புக்கு முடிவே கல்யாணம்தான் என்று எழுதிவைத்த மாதிரி ஒரு ஏற்பாடு. அந்த வரிசையில் கல்யாணம் வேண்டாத பெண்ணுக்கும், கூடத் தங்கியிருப்பவளையே வாழ்க்கையாக நினைக்கும் பெண்ணுக்கும் பெயரே இல்லை.

இங்கேதான் திரைக்கதைக்கு வேலை வருகிறது. மும்பை ஜிம்மும் டெல்லி ஓவியக்கூடமும் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பல்லடம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு பெண், அதைப் பார்த்து 'இது பணக்காரங்க சமாச்சாரம்' என்று நினைத்துவிடுவாள். தன் மனதில் இருப்பது என்ன, அது நோயா, தப்பா, வேறு யாருக்கும் இப்படி இருக்கிறதா என்று கேட்க அவளுக்கு ஆள் இல்லை. சாவையும் சைக்கோவையும் மட்டும் பார்த்து வளர்ந்தால், தன் எதிர்காலத்தையும் அப்படியே நினைப்பாள். அவள் அம்மாவும் அதே சீரியலைத்தான் பார்க்கிறார். மகள் ஒருநாள் சொல்லும்போது அந்த அம்மாவிடம் இருக்கும் முன்மாதிரியும் அதுதான்.

நல்ல சித்தரிப்பா, இல்லையா? பார்க்கும்போது கேட்க 5 கேள்விகள்

- கதை முடியும்போது அந்தப் பெண்கள் உயிரோடு இருக்கிறார்களா?
- காதலைத் தவிர அவர்களுக்கு வேலை, நட்பு, கடன், கனவு ஏதாவது இருக்கிறதா?
- ஒரு ஆண் வந்ததும் 'எல்லாம் சரியாகிடுச்சு' என்று முடிக்கிறார்களா?
- அவர்கள் நெருக்கத்தை, பார்க்கும் ஆண்களுக்காகக் காட்டுகிறார்களா, கதைக்காகக் காட்டுகிறார்களா?
- அவர்களைப் பற்றி மற்றவர்கள் மட்டும் பேசுகிறார்களா, அவர்களே பேசுகிறார்களா?

ஐந்தில் எத்தனைக்கு நல்ல பதில் வருகிறது என்று அடுத்த முறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

உதவி வேணும்னா யாரை கூப்பிடறது?

18 வயது நிறைந்த பெண் எங்கே, யாரோடு வாழ்வது என்பதை அவரே முடிவு செய்யலாம். வீட்டில் அடைத்து வைத்தாலோ, கட்டாயக் கல்யாணத்துக்கு நெருக்கினாலோ பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம். அவசரத்துக்கு 112. இலவச சட்ட உதவிக்கு 15100. மனம் ரொம்பத் தளர்ந்துபோனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2025 தீர்ப்பில் நீதிபதிகள், எல்லாப் பெற்றோரும் நீதிபதி லீலா சேத் போல இருந்துவிட மாட்டார்கள் என்று குறிப்பிட்டார்கள். தன் மகன் விக்ரம் சேத் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்பதை ஏற்று, அவருக்காக வெளிப்படையாக எழுதிய தாய் அவர். அவர் அளவுக்குப் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. மகள் பேச வரும்போது போனை வைத்துவிடாமல் முழுசாகக் கேட்டாலே போதும். பாதிக் கதை மாறிவிடும். மீதிப் பாதியை எழுதுவது, ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த அம்மாவும் மகளும் வெவ்வேறு ஊரில் இருந்து ஒரே சீரியலைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர்களின் கையில் இருக்கிறது.